ஒரு ஆள் பாரம்

மிதவை விமானம் ஒற்றைத்துடுப்பு ஏரியில் இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. செப்டம்பர் கடைசி வாரம். கரையோரத்து பிர்ச் மரங்களெல்லாம் மஞ்சளாகியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலைக் காடு கறுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் சாலை கிடையாது, ஊர் கிடையாது. எஞ்சின் அணைந்ததும் மிதவைகளில் அலை தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டூலிக்கி கதவைத் திறந்து, வலது மிதவையில் கால் வைத்து இறங்கி, கயிற்றோடு மரத்துறையில் குதித்தாள்.

"இறங்கலையா மாமா? காபி போடறேன். ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டு வந்திருக்கேன், பாதியாவது சாப்பிட்டுட்டுப் போங்க."

விமானி ஆர்வோ இருக்கையை விட்டு அசையவில்லை. கையுறை போட்ட இரண்டு கைகளும் சுக்கானின் மேலேயே இருந்தன.

"வேண்டாம்மா. மேகம் எப்படி இறங்குது பாரு. நீ சாமானை இறக்கிக்கோ. நான் நாளன்னிக்கு மத்தியானம் வந்துடறேன்."

"நாலு பெட்டியையும் நானேவா? அறுபத்திமூணு வயசுக்கே இடுப்பு போயிடுச்சா?"

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் அம்மா ஹெல்வியின் வீட்டுக்கு விறகு வெட்டி அடுக்கித் தந்தவர் ஆர்வோ. மூஸ் மான் சுட்டால் பின்தொடை இறைச்சி அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். போன ஏப்ரலில் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் இப்போது ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல் கண்ணாடிக்குள் உட்கார்ந்து, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே வரவும் அவர் இரண்டு முறை மறுத்துவிட்டார். இன்னொரு விமானி ஜெரோம் கால் உடைந்து கிடந்தான். கடைசியில், ஊரில் மிதவை விமானங்கள் வந்து நிற்கும் துறையின் பொறுப்பைப் பார்க்கும் டோலோரஸ் எல்லோர் முன்னாலும், "செத்துப்போன சிநேகிதியோட மகள் கேட்கறா, கொண்டு விட்டா உன் இறக்கை உதிர்ந்துடுமா?" என்று கேட்ட பிறகுதான் தலையாட்டினார்.

டூலிக்கிக்குக் கரையில் நின்ற இந்த மரக்குடிலின், கேபினின், மேல் பாசம் எதுவும் கிடையாது. அவள் அப்பா வில்ஹோ ரௌட்டியோ தோல் வேட்டைக்காக வருடம் தவறாமல் இங்கே வந்து தங்கிக்கொண்டிருந்தவர். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, அக்டோபரில், அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டியவர் ஆர்வோ. போய் வெறும் விமானத்தோடு திரும்பியதாகச் சொன்னார். துறையில் ஆள் இல்லை, கதவு வெளியே சாத்தியிருந்தது என்றார். டிசம்பரில் ஏரி கெட்டியாக உறைந்தபின் விமானத்துக்கு மிதவைக்குப் பதில் பனிச்சறுக்கு மாட்டி மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, துணிமணிகூட இல்லை, வீடு துடைத்து வைத்தமாதிரி இருக்கிறது என்றார். ஊர் அதற்கு மேல் கதையைத் தானே கட்டிக்கொண்டது. நாற்பது மைல் நடந்தால் ரயில் பாதை. மரம் வெட்டும் முகாமில் சமையல் செய்த ஒருத்தியும் அதே மாதம் மேற்கே போயிருந்தாள். பிறகென்ன?

"ஏய், உங்கப்பா எந்த ஸ்டேஷன்ல இறங்கினாராம்?" பள்ளிக்கூடத்தில் ஒருநாள் விடாமல் கேட்டார்கள். அம்மா சாகும்வரை அப்பாவின் பெயரை வாயால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கேபின் வேறு ஆளுக்குக் கைமாறுகிறது. எடுக்க வேண்டியதை எடுத்து, மற்றதை எல்லாம் கொளுத்திவிட்டுப் போகத்தான் டூலிக்கி வந்திருந்தாள்.

பெட்டிகளை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, விமானத்தைத் தள்ளிவிட்டாள். ஆர்வோ கையசைக்கக்கூட இல்லை.

விமானம் ஏரியின் கோடிக்குப் போய்த் திரும்பி, எஞ்சின் அலற, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மேலே எழும்ப வேண்டிய இடம் தாண்டியது. துறையையும் தாண்டியது. எழும்பவில்லை. கடைசி நிமிடத்தில் எஞ்சின் அடங்கி, மறுகரைக்குப் பத்தடி முன்னால் நின்றது.

திரும்பிப் போய் மறுபடி ஓடியது. மறுபடியும் எழும்பவில்லை.

மூன்றாவது முறை ஓடியபோது டூலிக்கி கவனித்தாள். இடது மிதவை தண்ணீரைவிட்டு மேலே வந்தது. வலது மிதவை மட்டும் வரவில்லை. ஏதோ அதைப் பிடித்து இழுத்தமாதிரி, மூக்கு அமிழ்ந்து, ஏரிக்குள்ளேயே கிடந்தது.

ஆர்வோ துறைக்குத் திரும்பினார். முகம் மாவுபோல் வெளுத்திருந்தது.

"மிதவைக்குள்ள தண்ணி புகுந்திருக்கும்," என்றார், அவளைப் பார்க்காமலே.

கைப்பம்பை எடுத்து, வலது மிதவையின் மேல் குந்தி உட்கார்ந்து, ஒவ்வோர் அறையின் மூடியாகத் திறந்து உறிஞ்சிப் பார்த்தார். முதல் அறை வறண்டு கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆனாலும் மிதவை இடதைவிட ஒரு சாண் தாழ்ந்துதான் இருந்தது.

மூன்றாவது மூடியைத் திறந்தார். பம்பை உள்ளே விடவில்லை. அப்படியே உறைந்துபோனார்.

"என்ன மாமா?"

அவளே குனிந்து, அந்தச் சின்னத் துளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

ஈரக் கம்பளியும் குழாய்ப் புகையிலையும் கலந்த வாசனை. டூலிக்கிக்கு அந்த வாசனை தெரியும். தெரியும் என்று தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ளாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"மூடுங்க," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டது. இனி இன்றைக்குப் பறக்க முடியாது. ஆர்வோ கேபினுக்குள் வந்த விதத்தை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். கதவு நிலையைத் தொடாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு, வேண்டாத வீட்டுக்குள் நுழைகிற நாயைப்போல் வந்தார். எங்கே உட்காருவது என்று பார்க்கவில்லை. அடுப்புக்கு எதிரே இருந்த கட்டிலை மட்டும் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

டூலிக்கி அடுப்பை மூட்டினாள். பட்டாணி சூப்பைச் சூடாக்கினாள். அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"சுவத்துல என்ன மாமா இது?"

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், ஒரு ஜன்னல் அகலத்துக்கு மரம் வேறு நிறமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் புகை ஏறிக் கறுத்திருக்க, அங்கே மட்டும் யாரோ இழைப்புளி போட்டுச் சீவியிருந்தார்கள்.

"எனக்கென்ன தெரியும்."

"கட்டில்ல படுத்தா கை எட்டற உயரம். அங்க மட்டும் எதுக்குச் சீவணும்?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல!"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை.

அறை சூடாகச் சூடாக, பிசின் வாசனை எழுந்தது. பழைய பைன் பலகை சூட்டில் வியர்ப்பது புதிதில்லை. ஆனால் இந்தப் பிசின் சீவிய இடத்தில் மட்டும் கசிந்தது. சொட்டுச் சொட்டாக, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, தேன் நிறத்தில். கொஞ்ச நேரத்தில் அவை வரிசையாகின. பிறகு எழுத்துகளாகின.

டூலிக்கி விளக்கை எடுத்துக்கொண்டு அருகே போனாள்.

அக்டோபர் 19. இன்றும் ஆர்வோ வரவில்லை.

அக்டோபர் 30. கரையோரம் உறைந்துவிட்டது. இனி அவனால் இறங்க முடியாது. மேலிருந்தாவது ஏதாவது போடுவான்.

நவம்பர் 11. காலில் கோடாலி பட்ட காயம் புரையோடிவிட்டது. நடக்க முடியவில்லை. மாவு தீர்ந்தது.

நவம்பர் 26. டூலிக்கிக்கு இன்று பதினான்கு.

அவளுடைய பிறந்தநாள் நவம்பர் இருபத்தாறு. ரயிலேறிப் போனதாக ஊர் சொன்ன மனிதர் அந்த நாளில் இந்தக் கட்டிலில் கிடந்து சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

துறையின் கடைசிப் பலகையில் ஏதோ ஏறியது. தண்ணீர் வழிகிற சத்தம். பிறகு ஒரு காலடி. ஒரு கால் அழுந்த, மறு கால் இழுபட்டது. மழைக்கு நடுவே தெளிவாக, அவசரமில்லாமல், பலகை பலகையாக வந்தது. துறை முடிந்து சரளைக்கல்லில் ஏறியது. வாசல் படியில் ஏறியது.

கதவுக்கு வெளியே நின்றது.

தட்டவில்லை.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வந்து, தரைப்பலகையின் இடுக்கு வழியாக, நேராக ஆர்வோவின் காலணியை நோக்கி ஓடியது.

"சொல்லிடறேன்," ஆர்வோ கதவைப் பார்த்துத்தான் சொன்னார். "சொல்லிடறேன்டா."

அவர் சொன்னார். அந்த அக்டோபரில் குடியில் கிடந்தார். எட்டு நாள். தேதியே மறந்துபோனது. தெளிந்து எழுந்தபோது சின்ன ஏரிகளில் பனி படர ஆரம்பித்துவிட்டது. மிதவைக்கு அது கெட்டி, சறுக்குக்கு அது மெல்லிசு. ஆறு வாரம் எந்த விமானமும் இறங்க முடியாத காலம். உண்மையைச் சொன்னால் பறக்கும் உரிமம் போய்விடும். அதனால் சொன்ன தேதிக்கே போனதாகவும் ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

"மேலேர்ந்து ஒரு மூட்டை மாவு போட்டிருக்கலாமே?" டூலிக்கியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"போட்டா, அவன் இங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும்ல?"

அவள் அவரையே பார்த்தாள்.

"டிசம்பர்ல வந்தேன். செத்துக் கிடந்தான். சுவர்ல எழுதினதைப் பார்த்தேன்... சீவிட்டேன். அவனை ஏரிக்குள்ள விட்டுட்டேன். துணிமணியை எரிச்சுட்டேன். அவ்வளவுதான். அவ்வளவுதான் டூலிக்கி. அதுக்கப்புறம் ஒரு சொட்டு குடிச்சதில்ல. உங்கம்மாவுக்கும் உனக்கும் என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணினேன்."

"நீ வெட்டிப் போட்ட விறகுல நாங்க குளிர் காஞ்சோம்," என்றாள் அவள்.

மாமா என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை.

அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. வாசலில் நின்றது உள்ளே வரவில்லை, போகவுமில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. துறை நெடுக ஈரக் காலடிகள். ஏரியிலிருந்து ஏறி வந்தவை மட்டும்தான். திரும்பிப் போன தடம் இல்லை.

"கிளம்பு," என்றாள் டூலிக்கி. "ஊருக்குப் போய் போலீஸ்காரங்ககிட்ட இதையே சொல்லு."

ஆர்வோ மறுக்கவில்லை. உயிரோடு அந்த ஏரியைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது அவர் முகம். பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஏறினார்கள். டூலிக்கி அவர் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

விமானம் ஓடியது. பாதி ஏரி. முக்கால் ஏரி. மரங்கள் கண்ணாடியை நோக்கி வளர்ந்தன.

எழும்பவில்லை.

எஞ்சினை அடக்கி, நடு ஏரியில் நிறுத்தினார். விமானம் மெல்ல வலதுபக்கம் சாய ஆரம்பித்தது. டூலிக்கி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வலது மிதவையின் மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மிதவையில் யாரும் இல்லை. ஆனால் இரண்டு பாதம் அகலத்துக்கு, ஓர் ஆள் நிற்கிற இடைவெளியில், தண்ணீர் ஒதுங்கி நின்றது.

"சொல்லிட்டேனே!" ஆர்வோ கத்தினார். "எல்லாத்தையும் சொல்லிட்டேனேடா! இன்னும் என்ன?"

வலதுபக்கக் கதவின் கண்ணாடியில், வெளியிலிருந்து, ஓர் ஈரக் கை பதிந்தது. ஐந்து விரலும் விரிந்து, கண்ணாடியை மெதுவாக அழுத்தியது.

சாய்வு கூடியது. கதவின் அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

"நீ எல்லாத்தையும் சொல்லலை," என்றாள் டூலிக்கி. "அவருக்குத் தெரியும்."

"டூலிக்கி, வேணாம்..."

"சொல்லு."

ஆர்வோ சுக்கானில் நெற்றியை வைத்துக்கொண்டார். பேசியபோது குரல் ஒரு சின்னப் பையனுடையதைப்போல் இருந்தது.

"கதவைத் திறந்தப்போ அடுப்புல இன்னும் சூடு இருந்துச்சு."

டூலிக்கி முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணைத் திறந்து பார்த்தான். எலும்பா இருந்தான். 'வந்துட்டியா'ன்னான். திட்டக்கூட இல்ல. 'ஹெல்வி பயந்திருப்பாளே'ன்னான். அவன் பொழச்சு ஊருக்கு வந்தா... நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். கொலைகாரன்னு சொல்லுவாங்க. அவனைச் சறுக்குவண்டியில படுக்க வெச்சு இழுத்தேன். விமானத்துக்குத்தான் கொண்டு போறேன்னு நெனச்சான். வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிட்டே வந்தான்."

"எங்க?"

"தண்ணி மொள்ள அவனே ஏரியில துளை வெட்டி வெச்சிருந்தான். அதைக் கொஞ்சம் அகலமாக்கினேன்."

எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இருந்த கை அசையவில்லை.

ஆர்வோ திரும்பினார். கண்ணீரும் சளியுமாக இருந்தது முகம். "நீ சொன்னா கேப்பான். உன் பேச்சைக் கேப்பான். என்னை விட்டுடச் சொல்லு. ஜெயிலுக்குப் போறேன். எத்தனை வருஷம்னாலும் இருக்கேன். சொல்லும்மா."

டூலிக்கிக்குப் பள்ளிக்கூடத்து வாசல் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, இருபத்திரண்டு வருடம் அதைப் பார்க்காமலே சாப்பிட்ட அம்மா ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியை அவளும் வெறுத்திருந்தாள். ஒரு முறை உதைத்தும் இருந்தாள்.

முன்னால் சாய்ந்து, கண்ணாடியில் பதிந்த கைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தன் உள்ளங்கையை வைத்தாள். எலும்பைக் குடையும் குளிர்.

"அப்பா," என்றாள். "உங்களைப் பத்தி நான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

பிறகு, ஆர்வோவின் காதில் விழும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"என்னை மட்டும் ஊர்ல கொண்டு விடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

கை மறைந்தது.

விமானம் நிமிர்ந்தது. வலது மிதவை ஏரிக்கு மேலே வந்து, தண்ணீர் வடிய, இடதுக்குச் சமமாக நின்றது. ஆர்வோ எஞ்சினை முடுக்கினார். இம்முறை கால்வாசி ஏரிகூடத் தேவைப்படவில்லை. கிடைத்தது போதும் என்பதுபோல் விமானம் துள்ளி எழும்பியது.

ஐம்பது நிமிடப் பயணம். ஆர்வோ ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். "போயிட்டான். பாத்தியா? நம்மளை விட்டுட்டான்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பக்கத்து இருக்கையை.

அதில் யாரும் இல்லை. ஆனால் அதன் இடுப்புப்பட்டை பூட்டியிருந்தது. இருக்கையில் தளர்ந்து கிடக்க வேண்டிய பட்டை, மடியின் குறுக்கே, காற்றில், ஓர் ஆளைச் சுற்றியிருப்பதுபோல் இறுகியிருந்தது. இருக்கையின் விளிம்பிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஆர்வோவும் கடைசியில் அந்தப் பக்கம் திரும்பினார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. ஊர்வரை வாயைத் திறந்து திறந்து மூடினார். அவ்வளவுதான்.

விமானத்துறையில் டோலோரஸ் காத்திருந்தாள். டூலிக்கி இறங்கினாள். கயிற்றை வாங்க டோலோரஸ் கையை நீட்டினாள்.

"ஆர்வோ, கயித்தைப் போடு! என்னய்யா பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்கே? இறங்கு!"

அவர் கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும், தோளாலும் தள்ளினார். கதவில் பூட்டே கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அது திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைந்தது. டூலிக்கியின் பெயர்தான். சத்தம் வெளியே வரவில்லை.

எஞ்சின் தானாக உறுமியது.

"எங்கய்யா போறே? பெட்ரோல் போட வேணாமா? ஆர்வோ!" டோலோரஸ் துறையின் விளிம்புவரை ஓடினாள்.

விமானம் திரும்பி, ஆற்றுமுகத்தில் ஓடி, எழும்பி, வடக்கே போனது. வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பறந்தது. மறையும்வரை டூலிக்கி பார்த்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கவில்லை.

"அவனுக்கு என்ன ஆச்சு? கைய விட்டுட்டுக் கண்ணாடியைக் குத்தறான். அப்ப யாரு ஓட்டறது?" டோலோரஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கப்பா," என்றாள் டூலிக்கி.

நாலு நாள் மேகம் விலகவில்லை. ஐந்தாம் நாள் போலீஸ் ஹெலிகாப்டர் போனது. விமானம் ஒற்றைத்துடுப்பு ஏரியில், மரத்துறையில், ஒழுங்காகக் கயிறு கட்டி நின்றது. முன்னிருக்கைகள் இரண்டிலும் பட்டை பூட்டியபடியே இருந்தது. ஆர்வோ இல்லை. காட்டிலும் இல்லை. நீர்மூழ்கி ஆட்கள் இரண்டு நாள் ஏரியைத் துழாவியும் கிடைக்கவில்லை.

ஆனால் துறையின் பலகையில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். எலும்பு. கம்பளிக் கோட்டு. கால்கள் நேராக நீட்டி, கைகள் மார்பில் சேர்த்து, யாரோ தூக்கிவந்து பதமாகக் கிடத்தியதுபோல். வலது காலெலும்பில் கோடாலி வெட்டின் தழும்பு. இருபத்திரண்டு வருடம் தண்ணீரில் கிடந்த கோட்டிலிருந்து அப்போதுதான் நீர் வடிந்துகொண்டிருந்ததாக அந்தப் போலீஸ்காரர் டூலிக்கியிடம் சொன்னார். அறிக்கையில் அதை எழுதவில்லை.

வில்ஹோ ரௌட்டியோவை ஹெல்வியின் பக்கத்தில் புதைத்தார்கள். ஊரே வந்தது. பள்ளிக்கூடத்தில் ரயில் கதை சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். டூலிக்கி ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

கேபினை எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஜனவரியில், கால் சரியான ஜெரோம் மளிகைக்கடையில் அவளை ஓரமாக அழைத்தான். ஆர்வோவின் விமானத்தை ஊருக்குக் கொண்டுவர மெக்கானிக்கோடு அந்த ஏரியில் இறங்கியிருக்கிறான்.

"அக்கா, உங்களுக்குச் சொல்லலாமா வேணாமான்னு தெரியலை. அந்தப் பனியில ஒண்ணு பார்த்தோம்."

"காட்டு," என்றாள்.

மறுநாள் காலை, வெயில் கண்ணைக் கூசவைக்கிற நேரத்தில், இருவரும் போய் இறங்கினார்கள். ஜெரோம் விமானத்தைவிட்டு நகரவில்லை. துறையிலிருந்து எழுபது காலடி தள்ளி ஓர் இடத்தைக் கையால் காட்டினான்.

காற்று அங்கே பனித்தூளைக் கூட்டித் தள்ளியிருந்தது. அடியில் கறுப்புப் பனி, கண்ணாடிபோல். டூலிக்கி மண்டியிட்டுப் பார்த்தாள்.

பனியின் அடிப்பக்கத்தில், உள்ளேயிருந்து வைத்தமாதிரி, கைத்தடங்கள். விரல்கள் விரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். இரண்டடி கெட்டிப் பனி அந்த இடங்களில் மட்டும் கரைந்து மெலிந்திருந்தது. சில பழையவை, மறுபடி உறைந்து வெளுத்திருந்தன. சில புதியவை.

அவள் கையுறையைக் கழற்றி, பனியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அடியிலிருந்து தட்டியது.

மூன்று முறை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று முறை.

டூலிக்கி கையை எடுத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, விமானத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை.

அவள் அடியெடுத்து வைத்த ஒவ்வோர் இடத்திலும், பாதத்துக்கு நேர் கீழே, அந்தத் தட்டல் கூடவே வந்தது.